மைனர் பாடமும் நீலத் துணியும்

எங்கள் காலத்தில் ‘மைனர்’ என்றால் கழுத்தில் மைனர் செயின் போட்டு, சில்க் ஜிப்பா மாட்டிக்கொண்டு, அப்பன் சேர்த்த நிலத்தை விற்றுச் சாப்பிடுகிற ஆள் என்று பொருள். கோர்ட்டுக் காகிதத்தில் வந்தால் பதினெட்டு வயது நிரம்பாதவர். இப்போது கல்லூரியில் அந்தச் சொல்லுக்கு மூன்றாவது பொருள் ஒன்று வந்திருக்கிறது. முதன்மையாக எடுத்துப் படிக்கிற பாடம் மேஜர். அதோடு சேர்த்து ஒழுங்காகச் சில தாள்கள் படிக்கிற இரண்டாவது பாடம் மைனர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1870களின் கடைசியில் இப்படிப் பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். நம்மவர்கள் சென்னைப் பல்கலைக்கழகக் காலத்தில் ‘மெயின்’, ‘ஆன்சிலரி’ என்று படித்ததும் கிட்டத்தட்ட இதுதான். 1985-இல் புதுச்சேரிக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வரும்வரை நம்மூர்க் கல்லூரிகளுக்கும் அதே ஏற்பாடுதான்.

என் பேத்தி பி.ஏ. வரலாறு படிக்கிறாள். மைனராக அவள் எடுத்திருப்பது ‘குளோபல் பிசினஸ்’, அதாவது உலக வணிகம். வீட்டில் இது ஒரு சர்ச்சை. “வியாபாரம் படிக்கணும்னா நேரா பி.காம். சேர்ந்திருக்கலாமே, வரலாற்றுக்கு ஓரமா ஆறு தாள் படிச்சா யார் வேலை கொடுப்பாங்க?” என்பது என் மகனுடைய கட்சி. அவன் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை, ஃபீஸ் கட்டுகிறவன் அவன். ஆனால் உலக வணிகம் என்ற படிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது பெரும்பாலும் வேறொன்றின் ஓரமாகத்தான் வளர்ந்திருக்கிறது. அதில் நம்மூருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் இதை யாரிடம் கற்றார்கள்? நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, துபாஷிகளைப் பார்த்தால் போதும். துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரன். மொழிதான் முதல், வணிகம் அதன் பின்னால் வந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1709-இல் பெரம்பூரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா திருவேங்கடம் பிள்ளையோடு இங்கே வந்தார். பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் துணிக் கிடங்கு வேலையைப் பார்த்தார், சொந்த வியாபாரமும் செய்தார், ‘ஆனந்தப் புரவி’ என்று சொந்தமாக ஒரு கப்பலே வைத்திருந்தார். டூப்ளே கவர்னராக இருந்தபோது 1747-இல் தலைமைத் துபாஷி ஆனார். 1736 செப்டம்பரில் தொடங்கிய நாட்குறிப்பை 1761 ஜனவரியில் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாள் முன்பு சாகும்வரை எழுதியிருக்கிறார். அதைச் சரித்திரக்காரர்கள் யுத்தத்துக்காகவும் அரண்மனைச் சதிகளுக்காகவும் படிக்கிறார்கள். வணிகவரி அலுவலகத்தில் காலத்தை ஓட்டிய எனக்குக் கண்ணில் படுவது வேறு. எந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது, எத்தனை மூட்டை, எந்தத் துணி, என்ன விலை, யாருக்கு யார் பாக்கி, எத்தனை குண்டு போட்டு மரியாதை செய்தார்கள். மசுலிப்பட்டணத்துச் செய்தியும் மணிலாச் செய்தியும் ஐரோப்பாவில் சண்டை மூண்ட செய்தியும் அவருக்கு ஒரே கணக்கின் வேறு வேறு வரிகள். ஐரோப்பாவில் சண்டை என்றால் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் வெள்ளி வராது, வெள்ளி இல்லாவிட்டால் தறிக்காரனுக்கு முன்பணம் கிடையாது. இன்றைக்கு ‘சப்ளை செயின்’ என்று படம் போட்டு விளக்குகிறார்களே, அதை அவர் ராத்திரி விளக்கடியில் எழுதிவைத்தார்.

செட்டிநாட்டார் முறை இன்னும் ஒழுங்கானது. பையன் பத்துப் பதினைந்து வயதில் பெட்டியடிப் பையனாகக் கடையில் உட்காருவான். அப்புறம் அடுத்தாள், பிறகு மேலாள். பர்மாவோ மலாயாவோ, ஒரு தவணைக்கு மூன்று வருடம். வட்டிச் சிட்டை, பேரேடு, ஐந்தொகை எல்லாம் கை வழியாகவே பாடம். இதற்குப் பட்டமும் இல்லை, தேர்வுத் தாளும் இல்லை. கணக்கு உதைத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இதை வகுப்பறைக்குள் கொண்டுவர முடியும் என்று துணிந்தவர்களில் முக்கியமானவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். வித்தால் ரூ என்ற வணிகர் 1800-இல் எழுதிய புத்தகத்திலேயே வியாபாரத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டிருந்தார். 1819 கடைசியில் பாரிஸில் அப்படி ஒன்று தொடங்கியது. பொருளியல் அறிஞர் ழான்-பப்திஸ்த் சே, பாங்கர் லஃபீத் போன்ற பெரிய மனிதர்கள் அதற்குத் துணை நின்றார்கள். அங்கே ஒரு வேடிக்கையான பயிற்சி வைத்திருந்தார்கள். மாணவர்களே வேறு வேறு ஊர் வணிகர்களாகப் பிரிந்து உட்கார்ந்து, இல்லாத சரக்கை விற்று, இல்லாத பணத்துக்கு உண்டியல் எழுதி, கடிதப் போக்குவரத்து நடத்தி, கடைசியில் கணக்கு முடிக்க வேண்டும். திவாலும் ஆகலாம், காகிதத்தில்.

1830-லிருந்து 1854 வரை அந்தப் பள்ளியை நடத்தியவர் அதோல்ஃப் பிளாங்கி. தொழிற்புரட்சி என்ற சொல்லைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். அவருடைய தம்பி ஒகுஸ்த் பிளாங்கி பெரிய புரட்சிக்காரர், வாழ்நாளில் முப்பது வருடத்துக்கு மேல் ஜெயிலில் கிடந்தவர். அண்ணன் வணிகர்களை உருவாக்கிக்கொண்டிருக்க, தம்பி அவர்களைக் கவிழ்க்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இப்படி இருந்திருக்கிறது. நம் வீட்டுச் சர்ச்சை எம்மாத்திரம்!

பழைய பல்கலைக்கழகங்கள் இதையெல்லாம் படிப்பாகவே மதிக்கவில்லை. சட்டம், மருத்துவம், இறையியல் இவைதான் படிப்பு. கடைக்காரன் வேலைக்குப் பட்டமா என்று கேட்டார்கள். அதனால் வணிகப் பள்ளிகளைப் பெரும்பாலும் வணிகர் சங்கங்களே காப்பாற்றின. பாரிஸ் பள்ளியை 1869-இல் அந்த ஊர் வணிகச் சபை வாங்கிக்கொண்டது. பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் 1850களின் தொடக்கத்தில் வந்த பள்ளி எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே சரக்கு மாதிரிகளுக்கென்று ஒரு மியூசியமே வைத்திருந்தார்கள். பல மொழிகளில் வணிகக் கடிதம் எழுதுவது கட்டாயம். 1881-இல் பாரிஸ் வணிகச் சபை இன்னொரு உயர் வணிகப் பள்ளியை ஆரம்பித்தது. அதே வருடம் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஜோசஃப் வார்ட்டன் கொடுத்த ஒரு லட்சம் டாலரில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வணிகம் நுழைந்தது.

இனி நம்மூர்க் கதை. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். நாடு மாறி, கொடி மாறி, கடைசியில் 1962-இல் சட்டப்படியும் கைமாறியது. எங்கள் புவியியல் பாடம் மட்டும் மெதுவாகத்தான் மாறியது. சங்கராபரணி ஆற்றைப் படிப்பதற்கு முன்னால் சேன், லுவார், ரோன், கரோன் என்று நான்கு நதிகளையும் வரைபடத்தில் நீலப் பென்சிலால் போட்டுக் காட்ட வேண்டும். கரோன் கரையில் பொர்தோ என்ற ஊர், ஒயினுக்குப் பெயர் போனது என்று ஒப்பித்தோம். அந்தப் பொர்தோவுக்கும் எங்கள் தெருக்கோடி நெசவாளர் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. சம்பந்தம் மிகப் பெரியது.

‘கினே’ என்று பிரெஞ்சில் சொல்வார்கள். அவுரியில் தோய்த்த கருநீலப் பருத்தித் துணி. ஒரு பீஸ் சுமார் 16 மீட்டர் நீளம். ஆப்பிரிக்காவின் கினிக் கரையில் விற்றதால் அந்தப் பெயர். சோழமண்டலக் கரையில், குறிப்பாகப் புதுச்சேரிப் பக்கம், நெய்து, சாயம் தோய்த்து, மூட்டை கட்டி, பிரான்சுக்குப் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் பொர்தோவில் இறங்கி, அங்கிருந்து செனகல் நாட்டின் செயிண்ட் லூயி துறைமுகத்துக்குப் போகும். அங்கே செனகல் ஆற்றோரச் சந்தைகளில், பாலைவனத்து மூர் மக்கள் ஒருவகை வேல மரத்துப் பிசினைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, பதிலுக்கு இந்த நீலத் துணியை வாங்கிப்போவார்கள். நம்மூரில் கருவேலம் பிசினைக் குழந்தைகள் பொறுக்குவார்களே, அதன் ஒன்றுவிட்ட சகோதரம்தான் அந்தப் பிசின். அதைப் பிரான்சில் யார் வாங்கினார்கள்? ருவான், முலூஸ் ஊர்களின் துணி அச்சு ஆலைகள். சீட்டித் துணியில் சாயம் பரவாமல் பூ அச்சடிக்கப் பிசின் வேண்டும். ஆக, நம் கரைத் துணியைக் கொடுத்து ஆப்பிரிக்கப் பிசினை வாங்கி அதை வைத்து ஐரோப்பாவில் துணி அச்சடித்தார்கள். அப்படி அச்சடித்த ஐரோப்பியத் துணிதான் உலகச் சந்தையில் நம் அச்சுத் துணியை ஓரங்கட்டியது. உலக வணிகம் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதில் ரசமான இடம் ஒன்று இருக்கிறது. ருவான் ஆலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? “துணி நம்மிடமே இருக்கும்போது புதுச்சேரியிலிருந்து எதற்கு?” என்று தாங்களே நீலத் துணி நெய்து அனுப்பிப் பார்த்தார்கள். பாலைவனத்துக்காரர்கள் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். அவுரியின் வாசனை, தொட்டால் தெரிகிற வழவழப்பு, வெயிலில் அடிக்கிற மினுமினுப்பு, மூன்றும் பொருந்தினால்தான் அது உண்மைச் சரக்கு. ஆற்றங்கரைச் சந்தையில் இந்தத் துணியே பணம். பிசின் எடைக்கு எத்தனை பீஸ் என்றுதான் பேச்சு. கள்ள நோட்டை நாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல அவர்கள் துணியை மோந்து பார்த்தார்கள். எழுத்துப் படிக்காத ஒட்டகக்காரர் ஒருவருடைய மூக்கு, பிரான்சின் பெரிய ஆலை முதலாளியின் கணக்கைப் பொய்யாக்கியது. ‘கன்ஸ்யூமர் பிஹேவியர்’ என்று ஒரு தாள் இருக்கிறதாம் மைனரில். அந்தத் தாளுக்கு இந்த மூக்கு ஒன்றே போதும்.

அதே சந்தை கவிழ்ந்த கதையும் உண்டு. 1830களில் விலை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் போட்டி போட்டுத் துணியை இறக்கினார்கள். துணியே பணம் என்ற இடத்தில் துணி குவிந்தால் என்ன ஆகும்? பணவீக்கம்தான். அந்தப் பத்தாண்டின் கடைசியில் துணி மதிப்பு விழுந்து, அதைக் கடனுக்கு வாங்கி ஆற்றின் மேலே கொண்டுபோன செயிண்ட் லூயி சிறு வணிகர்கள் மீளாத கடனில் மூழ்கினார்கள். பொர்தோ கம்பெனிகள் பலவும் தப்பித்துக்கொண்டன. கடன் எப்போதும் சங்கிலியின் மெலிந்த கண்ணியைத்தான் தேடிப் போகும் போலிருக்கிறது.

இதுவரை சொன்னதை ஆன்ட்வெர்ப் பள்ளியிலோ பாரிஸ் பள்ளியிலோ அன்றைக்கே சொல்லிக்கொடுத்திருக்க முடியும். இனிச் சொல்வது அந்தப் பாடத்தின் நடுவில் இடம்பெற்றிருக்காது. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தத் துணி ஆப்பிரிக்கக் கரையில் பிசினை மட்டும் வாங்கவில்லை, மனிதர்களையும் வாங்கியது. அடிமை வியாபாரிகளின் சரக்குப் பட்டியலில் இந்தியத் துணிக்கு முக்கிய இடம். துப்பாக்கியும் சாராயமும் இல்லாமல்கூடச் சமாளிக்கலாம், துணி இல்லாமல் முடியாது என்ற நிலை. பிறகு வந்த பிசின் காலத்திலும், முள்மரங்களில் பிசின் கீறி எடுத்தவர்கள் பெரும்பாலும் மூர்களின் அடிமைகள். நம் கரையிலிருந்தும் ஏழைகளைப் பிடித்து மொரீஷியஸ், ரெயூனியன் தீவுகளுக்கு அடிமைகளாக ஏற்றியிருக்கிறார்கள். பிள்ளையின் நாட்குறிப்பிலேயே ஆள் கடத்தல் செய்தி வருகிறது. தறியில் உட்கார்ந்து நீலம் நெய்தவருக்கு அது எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. விலைப்பட்டியலைப் பார்த்தவருக்குத் தெரியும். அதுவும் ஒரு வரிதான் அதில்: இத்தனை பீஸ், இத்தனை தலை.

பிறகு ஆலைகள் வந்தன. 1820களின் கடைசியில் வந்த ஆலைதான் பின்னால் சவானா மில் ஆனது, 1898-இல் ரோடியர் மில். நீலத் துணியை இயந்திரத்தில் நெய்தார்கள். ஆப்பிரிக்கச் சந்தைக்கும் பிரெஞ்சுக் காலனிகளுக்கும் இங்கிருந்தே சரக்கு போனது. 1936 ஜூலை 30-ஆம் தேதி என்ன நடந்தது என்று இதைப் படிக்கிற பலருக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். வேலை நேரத்தைக் குறை, சங்கம் வைக்க உரிமை கொடு என்று கேட்ட தொழிலாளர்களில் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அதன் பிறகுதான் எட்டு மணி நேர வேலை சட்டமாக வந்தது. ஒரு பீஸ் துணியின் அடக்க விலையில் இது எந்தத் தலைப்பில் சேரும்? என் மகனுடைய பி.காம். புத்தகங்களை நான் புரட்டியிருக்கிறேன். கூலி என்று ஒரு தலைப்பு உண்டு, அதற்குள் இது அடங்காது.

பேத்தியின் மேஜர் வரலாறாக இருப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். மைனர் தாள் அவளுக்கு விலை எப்படி உருவாகிறது என்று சொல்லும். அந்த விலைக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பதை மேஜர்தான் சொல்ல முடியும். இரண்டில் ஒன்றை மட்டும் படித்தவர்கள் நிறையப் பேரை நான் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். ஒருவருக்குப் பில் தெரியும், சரக்கு தெரியாது. இன்னொருவருக்கு உலக நியாயம் எல்லாம் தெரியும், சி ஃபாரம் எதற்கு என்று தெரியாது.

இந்தியாவில் இந்தப் படிப்பு எப்படி நுழைந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளைக்காரர்கள் 1886-இல் வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். 1895-இல் கோழிக்கோட்டில் அரசாங்கமே ஒன்று வைத்தது. 1913-இல் பம்பாயில் சைடன்ஹாம் கல்லூரி, நாட்டின் முதல் வணிகக் கல்லூரி. அதை நிற்கவைக்க உழைத்தவர்களில் கே.எஸ். அய்யர் முக்கியமானவர். பம்பாயில் கணக்காளராக இருந்த அவர் கௌரவ முதல்வராகவும் பார்த்துக்கொண்டார். ஆனால் நம் பக்கத்தில் ‘காமர்ஸ்’ என்பது ரொம்ப நாள் வரை டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து, கணக்குப் பதிவு என்பதாகவே இருந்தது. வெள்ளைக்காரன் கம்பெனிக்கு வணிகர் வேண்டியிருக்கவில்லை, குமாஸ்தா வேண்டியிருந்தது. லோயர் பாஸ், ஹையர் பாஸ் என்று போர்டு மாட்டிய இன்ஸ்டிட்யூட் வழியாக வந்த குமாஸ்தாக்களில் நானும் ஒருவன் என்பதால் இதை மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை.

உலக வணிகத்தைத் தனிப் படிப்பாக நிறுத்தியது இரண்டாம் உலக யுத்தம். அமெரிக்காவில் அரிசோனாவில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஒரு விமானத் தளம் யுத்தம் முடிந்ததும் காலியாகக் கிடந்தது. பார்ட்டன் கைல் யவுண்ட் என்ற தளபதி அங்கே 1946-இல் வெளிநாட்டு வணிகப் பள்ளி ஆரம்பித்தார். பாடத்திட்டத்துக்கு மூன்று கால்: வணிகம் ஒன்று, மொழி ஒன்று, அந்தந்த நாட்டின் வரலாறும் வழக்கமும் ஒன்று. யுத்தத்தில் ஊர் ஊராகப் போனவர்களுக்கு, மற்றவன் ஊரைத் தெரியாமல் அவனிடம் ஒன்றும் விற்க முடியாது என்று புரிந்திருக்கிறது. டெல்லியில் 1963-இல் மத்திய அரசு வெளிநாட்டு வர்த்தகக் கழகத்தை நிறுவியது.

பேத்தி கொண்டுவந்த பாடத்திட்டத்தை நான் பழைய பழக்கத்தில் பென்சிலோடு படித்தேன். அந்நியச் செலாவணி இருக்கிறது, உலக வர்த்தக அமைப்பு இருக்கிறது, பன்னாட்டு நிறுவனம் இருக்கிறது. எல்லாம் வேண்டியதுதான். ஆன்ட்வெர்ப்பில் இருந்த இரண்டு சமாசாரம் மட்டும் காணோம். ஒன்று சரக்கு. கையில் தொட்டு, மோந்து, இது எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்கிற பயிற்சி. இன்னொன்று மொழி. மொழிக்கு நம்மூரில் பஞ்சம் இல்லை, பிள்ளைகள் மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுக்கிறார்கள். எதற்கு என்று உங்களுக்கே தெரியும், தமிழைவிட மார்க் கூட வரும் என்று. மூன்று வருடம் படித்துவிட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னால் முழிக்கிறார்கள். துபாஷிகளின் ஊரில் இது கொஞ்சம் கேலியாக இருக்கிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே அவளுக்கு வணிகக் கடிதம் சொல்லிக்கொடுக்கிறேன். பிரெஞ்சுக் கடிதத்தின் கடைசியில் வருகிற அந்த நீண்ட மரியாதை வாக்கியத்தைக் கண்டு சிரிக்கிறாள். “இதை எழுதுறதுக்குள்ள சரக்கு கப்பல் ஏறிடும் தாத்தா” என்கிறாள். முதல் கடிதம் பொர்தோவில் உள்ள ஒரு கற்பனைக் கம்பெனிக்கு: 40 மூட்டை நீலத் துணி அனுப்பியிருக்கிறோம், சாயம் சரியில்லை என்று நீங்கள் சொல்வதை ஏற்க முடியாது, மாதிரி இணைத்திருக்கிறோம், மோந்து பார்க்கவும். என் மகன் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, “இணைத்திருக்கிறோம்” என்ற இடத்தில் வினைச்சொல் தவறு என்று மட்டும் திருத்தினான். அவனும் அதே மீடியம்தான்.

அடுத்த பருவத்தில் அவர்களுக்கு ‘லெட்டர் ஆஃப் கிரெடிட்’ பாடம் வருகிறதாம். உண்டியல் தெரிந்தவர்களுக்கு அது பாதி தெரிந்த மாதிரி. நம்மூர் உண்டியல் கடைகளைப் பற்றி யாரிடமாவது பழைய காகிதம் இருந்தால் சொல்லியனுப்புங்கள், அதைத் தனியாக எழுத உத்தேசம்.